பானை மேல் ஒரு ஸ்பீக்கர்

மழைக்காலம் முடிந்ததும் பரணை ஒழிக்க ஏறினேன். அப்பாவின் பழைய செட்டுக்கு இருந்த ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கியபோது அடிப்பலகை கையோடு உதிர்ந்தது. கரையான். இரண்டாவது பெட்டி அதைவிட மோசம், தொட்ட இடமெல்லாம் மண்ணாகக் கொட்டியது. முன்பக்கத்தில் திருகியிருந்த ஆறு அங்குல ஸ்பீக்கர்கள் மட்டும், பலகை போன பிறகும், மறைப்புத் துணியில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தன.

கீழே நாற்காலியில் இருந்த அப்பா கேட்டது ஒன்றுதான். “கோன் கிழிஞ்சிருக்கா பாரும்மா.”

கிழியவில்லை. ஆடி ஒலி எழுப்புகிற அந்தக் காகிதக் கோனின் மேல் விரல் தடிமனுக்குத் தூசி, அவ்வளவுதான். விளிம்பு துணியால் ஆனது. ஃபோம் விளிம்பாக இருந்திருந்தால் எப்போதோ பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். மல்டிமீட்டரை வைத்தேன்: ஒன்று 6.8 ஓம், மற்றது 6.7. எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் இப்படிக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். அப்புறம் ஒரு பென்டார்ச் செல்லை எடுத்து, இரண்டு ஒயரால் ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டேன். ‘டப்’ என்று கோன் முன்னால் வந்து நின்றது. முப்பது வருடம் பேசாமல் கிடந்த ஒன்று ஒன்றரை வோல்ட்டுக்குப் பதில் சொன்னது. அன்றைக்கு முடிவு செய்தேன், இதைக் காயலான் கடைக்குப் போடப்போவதில்லை என்று.

அப்பா மதுரையில் மில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்தால் திண்ணையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிடுவார். தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் செட் அசெம்பிள் பண்ணிக் கொடுத்தார். அந்தக் காலத்து அசெம்பிள் செட் என்றால் உள்ளே அநேகமாக எல்ஏ4440 தான் இருக்கும். சான்யோ கம்பெனியின் ஐசி (ஆம்ப்ளிஃபையர் அடங்கிய சில்லு), 14 கால். ஸ்டீரியோவாக ஓட்டினால் பக்கத்துக்கு 6 வாட், இரண்டையும் இணைத்து ஒரே சேனலாக ஓட்டினால் 19 வாட். கார் பேட்டரிக்காக வடிவமைத்தது என்பதால் ஒற்றை 12 வோல்ட் சப்ளை போதும். சுற்றிலும் பத்துப் பதினைந்து சின்ன சாமான், ஒரு ஹீட் சிங்க், ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அவ்வளவில் ஒரு வீட்டுக்குப் பாட்டு வந்துவிடும். வெளியே கடையில் விற்ற பெட்டிகளில் ‘1000 வாட் பிஎம்பிஓ’ என்று, நிஜ வாட்டைப் பல மடங்கு ஊதிக் காட்டுகிற ஸ்டிக்கர் ஒட்டிய காலம் அது. அப்பா அந்த மாதிரி ஸ்டிக்கரை ஒருநாளும் ஒட்டியதில்லை. பக்கத்துக்கு 6 வாட் என்று தன் கையால் எழுதித்தான் கொடுப்பார்.

அந்த 6 வாட்டுக்கே எங்கள் தெருமுனை வரை கேட்கும். காரணம் இருக்கிறது. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும், காது அதைக் கொஞ்சம் கூடியதாகத்தான் உணரும். லேசான காகிதக் கோனும் பெரிய காந்தமும் உள்ள ஸ்பீக்கர், கொடுத்த கொஞ்ச மின்சாரத்திலேயே நிறையச் சத்தம் எடுக்கும். இன்றைக்குக் கைக்கு அடக்கமாக வருகிற ப்ளூடூத் உருண்டைகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு அங்குலக் கோன் ஒரே அசைவில் தள்ளுகிற காற்றை இரண்டு அங்குலக் கோன் தள்ள வேண்டுமானால் அது ஒன்பது மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும்.

பழைய மின்சாமான்களைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று பழகிப்போயிருக்கும். முதலில் போவதெல்லாம் சின்னச் சாமான். டேப்பில் பெல்ட் இளகும், சிடி பிளேயரில் லேசர் கண் மங்கும், பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் தலை வீங்கும், வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கும். கனமானது கெடுவதில்லை. காந்தம், டிரான்ஸ்ஃபார்மர், அலுமினிய ஹீட் சிங்க் இவற்றுக்கு வயதே ஆகாது. நல்ல ஒலிக்கு அடிப்படையானதும், புதிதாக வாங்கினால் காசு பிடுங்குவதும் இந்தக் கனமான சாமான்கள்தான். நாமோ ஐந்து ரூபாய் கெப்பாசிட்டர் போனதற்காக மொத்தத்தையும் எடைக்குப் போடுகிறோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, ஸ்பீக்கர் இருக்கிறது. அப்பாவின் ஆம்ப்ளிஃபையர் போர்டு பச்சை பிடித்து, பாதிக் கம்பித்தடம் அரித்துப்போயிருந்தது. அதைத் திரும்ப உயிர்ப்பிக்கலாமா என்று கேட்டதற்கு அவரே வேண்டாம் என்றார். எல்ஏ4440 என்ற பெயர் பொறித்த ஐசி இப்போதும் கிடைக்கிறது, எது பழைய தரத்தில் இருக்கும் என்று வாங்கும்போது தெரியாது. எனவே வேறு வழி பார்த்தேன்.

கார்களில் தொடுதிரை மாட்டுகிற கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். கழற்றிய பழைய கார் ஸ்டீரியோக்கள் ஒரு மூலையில் செங்கல் மாதிரி அடுக்கிக் கிடக்கும். எஃப்எம், யுஎஸ்பி, ஆக்ஸ், நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர், பேஸ், ட்ரெபிள் எல்லாம் ஒரே டப்பாவுக்குள். எதிலும் குறை இல்லை, மேப் காட்டவில்லை என்பதற்காகக் கழற்றப்பட்டவை. கடைக்கார அண்ணன், “வீட்டுக்கா? கார் இல்லாம இதை எப்படிம்மா ஓட்டுவே?” என்று கேட்டார். 400 ரூபாய்க்கு ஒன்று எடுத்துக்கொண்டேன்.

முகப்பில் ‘50 வாட் x 4’ என்று அச்சடித்திருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். 12 வோல்ட் சப்ளையில் சாதாரண ஆம்ப்ளிஃபையர் மேலே 6 கீழே 6 தான் ஆட முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது நாலரை வாட். கார் ஸ்டீரியோவில் ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபையர். பிளஸ் ஒயரில் ஒன்று தள்ளும்போது மைனஸ் ஒயரில் இன்னொன்று இழுக்கும். அதனால் ஆட்டம் இரட்டிப்பு, வாட் நான்கு மடங்கு: 18. எங்கள் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதில் பாதி, 9 வாட். “தாராளம்” என்று தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

இந்தக் கணக்கை அவர் முன்பே போட்டிருந்தால் ஒரு செட் பிழைத்திருக்கும். அதற்கு முதல் மாதம் நான் வாங்கிய வேறொரு கார் ஸ்டீரியோவில், ஒயர் மிச்சமாகட்டும் என்று எல்லா ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி செட்டின் தகர உடம்போடு சேர்த்துவிட்டேன். வீட்டு அசெம்பிள் செட்டில் அப்படித்தான் செய்வோம். இங்கே மைனஸ் என்பது மைனஸே இல்லை. பாட்டு இல்லாத நேரத்திலும் இரண்டு ஒயரும் ஆறு ஆறு வோல்ட்டில் நிற்கும். அதை எர்த்தில் கட்டினால் ஐசியின் குரல்வளையை நெரித்த மாதிரி. லேசாகப் பிளாஸ்டிக் வாடை வந்தது, அத்தோடு முடிந்தது. கார் ஸ்டீரியோவை வீட்டில் வைக்க நினைக்கிற யாரும் இதை மறக்கக் கூடாது: ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர் தனித்தனியாகப் போக வேண்டும், ஒன்றும் உடம்பைத் தொடக் கூடாது.

12 வோல்ட்டுக்குப் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது அதற்கு மின்சாரம் தருகிற பெட்டியை, எடுத்தேன். தம்பி கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர், மதர்போர்டு போய் பத்து வருடம் ஆகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கனெக்டரில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். அதை ஏதாவது ஒரு கறுப்போடு இணைத்தால் அது கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடத் தொடங்கிவிடும். நான் இடையில் ஒரு சுவிட்ச் வைத்தேன். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, கறுப்பு எர்த். என்னிடம் இருந்த மாதிரிப் பழையது 5 வோல்ட் பக்கம் ஒன்றும் இழுக்காவிட்டால் 12-ஐ ஒழுங்காகக் கொடுக்காது. பாட்டு ஏற ஏற 11.2-க்கு இறங்கியது. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டேன், 11.9-ல் நின்றது. ரெசிஸ்டர் சூடாகும், காற்றுப் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அப்படியே இருக்கும்.

இங்கேதான் எனக்கு இரண்டு சாயங்காலம் போனது. கார் ஸ்டீரியோவின் பின்னாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு. மஞ்சளோடு மஞ்சள், சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று சேர்த்தேன். செட் கண் திறக்கவில்லை. இன்னொன்றையும் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஃபியூஸ் பார்த்தேன், எல்லா ஜாயிண்டையும் மறுபடி பற்றவைத்தேன். அப்பா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மஞ்சள்ல எவ்வளவு காட்டுது?”

“பன்னெண்டுப்பா.”

“சிவப்புல?”

“அஞ்சு.”

“அது கம்ப்யூட்டர் சிவப்பும்மா. கார்ல சிவப்புன்னா சாவி திருப்பினா வர்ற பன்னெண்டு.”

காரில் மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்கும், ஸ்டேஷன்களை நினைவில் வைத்துக்கொள்ள. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் வழி. செட்டின் சிவப்பையும் எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சளோடு சேர்த்தேன். நீல விளக்கு எரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் கை இப்போதெல்லாம் நடுங்குகிறது, சால்டரிங் அவரால் முடியாது. ஆனால் மீட்டரை நான் படிக்க, எங்கே வைக்க வேண்டும் என்று அவர் சொன்னால் போதும்.

இனி பெட்டி. புது ப்ளைவுட் வாங்கிப் பெட்டி அடிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாதான் பானை என்றார்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் மாமாவின் டீக்கடையில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தாமல் வானம் பார்த்து வைத்திருப்பார்கள். தெற்கே வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள். டீக்கடை, சலூன், டெய்லர் கடை, எங்கும் ஒரு பானை பாடிக்கொண்டிருக்கும். ஏழைக்கு ஏற்ற ஏற்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். காசில்லாமல் செய்தது என்பது உண்மை. ஆனால் வைத்தவர்கள் காதால் கேட்டுத்தான் வைத்தார்கள்.

ஒரு ஸ்பீக்கரைப் பெட்டி இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போடுங்கள். தகரக் குரல்தான் வரும். கோன் முன்னால் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. முன்னால் போகிற அழுத்தமும் பின்னால் உண்டாகிற வெற்றிடமும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். கீழ் ஸ்தாயி முழுக்க அதில் கரைந்துவிடும். மேல் ஸ்தாயியின் அலை நீளம் குறைவு, அது தப்பித்துவிடும். இப்போது பாட்டு ஓடும்போதே ஸ்பீக்கரைப் பானையின் வாய்மேல் மெதுவாக இறக்குங்கள். நான் இதை அன்று பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பேன். இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கும்வரை மெலிந்த குரல். விளிம்பு பானையைத் தொட்டதும் தவிலின் இடதுபக்கம் சட்டென்று அறைக்குள் வந்து உட்காருகிறது. பின்பக்கக் காற்றைப் பானை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம். பெட்டிக்கு எதிரெதிர்ச் சுவர்கள் உண்டு, அவற்றுக்கு நடுவே அலை முட்டி மோதி நிற்கும். பானைக்கு அந்தத் தொல்லை குறைவு. மண் கனமானது, பலகை போல லேசில் அதிராது.

பானை வாங்க மானாமதுரைக்கே போனேன். மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடம் செய்வதற்குப் பேர்போன ஊர். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு சேர்த்து அழுத்தியும் விலக்கியும் கும்காரத்தை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பானைக்குள் அடைபட்ட காற்றும் வாயின் அளவும் சேர்ந்துதான் அந்தச் சுருதியை முடிவு செய்கின்றன. ஸ்பீக்கருக்கும் அதே காற்றுதான். வாய் ஆறு அங்குலத்துக்குப் பொருந்துகிற மாதிரி, சுட்டுத் தட்டினால் கணீரென்று கேட்கிற இரண்டு பானை கேட்டேன். விற்ற அம்மா ஒவ்வொன்றாகத் தட்டி, ஒரே மாதிரி ஒலித்த இரண்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் தண்ணீர் ஊற்றி அளந்தேன். ஒன்று 14 லிட்டர், மற்றது அதற்கு ஒரு டம்ளர் குறைவு.

பானையின் வாய் சமமாக இருக்காது. ஈர அம்மிக்கல்லின் மேல் கவிழ்த்து, மணல் தூவி, அரை மணி நேரம் வட்டமாகத் தேய்த்தேன். செங்கல் நிறத்தில் சேறு வழிந்தது. அதன் மேல் ப்ளைவுட் வளையம், நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டிய பட்டை, ஓரம் முழுக்க எம்-சீல். ஸ்பீக்கரை வளையத்தில் போல்ட் போட்டு முடுக்கினேன், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். ஒயருக்குக் கழுத்தோரம் துளை போட வேண்டியிருந்தது. டிரில்லில் தட்டித் துளைக்கும் மோடை அணைத்துவிட்டு, தண்ணீர் சொட்டவிட்டு, மெதுவாகத் துளைத்தால் பானை கீறல் விடாது. அடியில் பிரிமணை. பாட்டி காலத்து வைக்கோல் பிரிமணையை விட, அதிர்வு தரைக்கு இறங்காமல் தாங்குகிற பொருள் வேறு எதுவும் என் வீட்டில் இல்லை.

வானம் பார்த்த ஸ்பீக்கரில் ஒரு குறை. மேல் ஸ்தாயி கூரைக்குப் போய்விடும், எதிரே உட்கார்ந்தால் பாடுபவரின் ‘ஸ்’ ஒலியும் ஜாலராவும் மங்கிக் கேட்கும். அதற்கு டிவி ஸ்பீக்கர். 2006-க்குப் பிறகு அரசு வீடுவீடாகக் கொடுத்த வண்ண டிவிகளில் ஒன்று பாட்டி வீட்டிலும் ஒன்று பக்கத்து வீட்டிலும் மூலையில் கிடந்தன. மெக்கானிக் ஒருவரை வைத்துத் திறந்தேன். படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், தெரியாமல் கை வைக்கக் கூடாது. உள்ளே ஒன்றில் மூன்று அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர், 8 ஓம், 3 வாட் என்று அச்சு. அதன் காந்தத்துக்குப் பின்னால் எதிர்முகமாக இன்னொரு காந்தமும் தகர மூடியும் இருந்தன. காந்தம் பக்கத்தில் இருந்தால் படக்குழாயில் நிறம் மாறிவிடும் என்பதற்காக அப்படி ஒரு கவனம். மற்ற டிவியிலும் அதேதான். இரண்டையும் மரச்சட்டத்தில் மாட்டிக் காது உயரத்துக்கு வைத்தேன். ஒவ்வொன்றின் பிளஸ்ஸிலும் 4.7 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெப்பாசிட்டர் ஒன்று. 8 ஓமோடு சேர்ந்து அது ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாகத் தடுத்துவிடும், சின்னக் கோனுக்குத் தாங்காத பாரம் வராது.

கார் ஸ்டீரியோவில் நான்கு சேனல் இருக்கிறதே, அது இங்கே கைகொடுத்தது. முன் சீட்டுக்கான இரண்டு சேனல் பானைகளுக்கு. பின் சீட்டுக்கான இரண்டு டிவி ஸ்பீக்கர்களுக்கு. காரில் முன்னும் பின்னும் சத்தத்தைப் பகிர்கிற ஃபேடர் இப்போது பானைக்கும் சின்ன ஸ்பீக்கருக்கும் நடுவே தராசு. நாதஸ்வரத்துக்கு ஒரு பக்கம், செய்திக்கு மறுபக்கம் என்று திருகிக்கொள்ளலாம். மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது இதுதான்.

முதலில் கேட்டபோது பேஸ் சப்பென்று இருந்தது. அந்தப் பென்டார்ச் செல்லை மறுபடி எடுத்தேன். இடது கோன் முன்னால் வந்தது, வலது கோன் உள்ளே போனது. ஒரு பானையில் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒயரைத் திருப்பினேன், சரியானது. அப்புறம் பழைய போனை ஆக்ஸில் மாட்டி, எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட்டிலேயே சார்ஜ் போட்டதில் ஒரு கிய்ய்ங் ஓசை. ஒரே எர்த் இரண்டு வழியாகப் போய்ச் சுழல்வதால் வருவது. பழைய டயல்-அப் மோடத்திலிருந்து எடுத்த குட்டி டிரான்ஸ்ஃபார்மரை இடையில் வைத்துப் பார்த்தேன். ஓசை போனது, கூடவே பேஸும் மெலிந்தது; அது தொலைபேசிக் குரலுக்காகச் செய்தது. இப்போது போனுக்குத் தனிச் சார்ஜர்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. ஒரு குறிப்பிட்ட கீழ் ஸ்வரத்தில் மட்டும் இரண்டு பானையும் ‘பொம்’ என்று கூடுதலாக முழங்கின. பழைய தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு எடுத்தேன். அப்பாவை எதிரே உட்காரவைத்து, மிருதங்கம் தனியாக வருகிற ஒரு கச்சேரிப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஸ்பீக்கரைக் கழற்றி ஒரு கைப்பிடி, மூடிக் கேட்பது. மறுபடி ஒரு கைப்பிடி. நான்காவது கைப்பிடியில் தொப்பியின், அதாவது மிருதங்கத்து இடது முகத்தின், சத்தம் பானையை விட்டு மிருதங்கத்துக்குத் திரும்பியது. ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது, “போதும்மா, இன்னும் அடைச்சா மூச்சு முட்டும்” என்றார்.

எஃப்எம்முக்கு ஏரியல் 75 சென்டிமீட்டர் ஒயர். 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் கால் பங்கு அது. ஜன்னல் கம்பியைத் தொடாமல் நேர் நெட்டுக்குத் தொங்கவிட்டதும் கோடைப் பண்பலை சுத்தமாக வந்தது. கொடைக்கானல் மலைமேல் இருந்து வருகிற ஸ்டேஷன், மதுரைக்கு வடமேற்கே. வீட்டில் அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தது எங்கள் நல்ல நேரம்.

இந்த ஏற்பாட்டில் நிரந்தர பேட்டரி இல்லை. கரண்ட் போய் வந்தால் செட் ஸ்டேஷனை மறந்துவிட்டு 87.5-ல் போய் நிற்கும். சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் அவரே எழுந்து போகிறார். நடுங்குகிற விரலால் குமிழைத் திருப்பத் தொடங்குகிறார். 90 கடந்து, 95 கடந்து, இரைச்சலுக்கு நடுவே எண் ஒவ்வொன்றாக ஏறுகிறது. 100.5 வந்ததும் குரல் தெளிகிறது. கையை எடுத்துவிட்டு, பானையின் கழுத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புகிறார்.